ஒன்று, ஒன்று, இருபது: ஒரு சீமைப் பட்டடையின் பூர்வீகம்

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் என் கொள்ளுத்தாத்தா நடத்திவந்த கொல்லுப்பட்டறையின் பட்டடை, அதாவது காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் இரும்புக் கட்டை, தாத்தாவிடமிருந்து பெரியப்பாவுக்கும், பெரியப்பா காலமான பிறகு சென்ற ஆண்டு எனக்கும் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது என்பதைவிட, பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்ததை நான் இடையில் மறித்துக்கொண்டேன் என்பதே சரி. பெரியப்பா மகன் திருவாரூரில் கிரில் கேட் அடிக்கும் வெல்டிங் வேலை செய்கிறார். வெட்டுவதற்கு மெஷினும் வளைப்பதற்கு அச்சும் வந்துவிட்ட பிறகு எழுபது கிலோ இரும்புக் கட்டையை எந்த மூலையில் போட்டாலும் இடைஞ்சல்தான் என்பது அவர் கட்சி. கடைக்காரர் கிலோவுக்கு முப்பத்திரண்டு ரூபாய் பேசியிருந்தார்.

இந்தப் பட்டடையைப் பற்றிக் குடும்பத்தில் இரண்டு செய்திகள் உலவின. அது இருநூறு வருஷத்துப் பொருள், நாகப்பட்டினம் கடற்கரையில் தரைதட்டிய வெள்ளைக்காரன் கப்பலிலிருந்து எடுத்தது என்பது ஒன்று. அதன் இடுப்பில் 1-1-20 என்று தேதி வெட்டியிருப்பதால் அது 1920 ஜனவரி முதல் தேதி செய்தது என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. கல்யாண வீட்டில் ஒருவர் முதலாவதைச் சொல்வார், இன்னொருவர் இரண்டாவதைச் சொல்வார், இருவருமே தலையாட்டிக்கொள்வார்கள். நான் அந்த இரண்டையும் சோதித்துப் பார்க்கத்தான் இறங்கினேன். இரண்டுமே தவறு என்று முடிந்தது. ஆனால் ஒவ்வொரு கதையும் எந்த இடத்தில் தவறியது என்று தேடியபோதுதான் பொருளின் பூர்வீகம் பிடிபட்டது.

பூசைப் பூச்சுக்குக் கீழே

பட்டடை, தரையில் பாதி புதைந்த ஒரு புளியங்கட்டையின் மேல் நான்கு ஆணிகளால் இறுக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டுப் பட்டறையில் உட்கார்ந்தே வேலை செய்தார்கள். தாத்தா தரையில் அமர்ந்து, குறட்டால் இரும்பைப் பிடித்துக்கொண்டு, சிறு சுத்தியலால் இடம் காட்டுவார். எதிரே நிற்பவர் அந்த இடத்தில் சம்மட்டியை இறக்குவார். அரிவாள், கொழு, மண்வெட்டி, வண்டிச் சக்கரப் பட்டா என்று ஊர்த் தேவை அனைத்தும் இப்படித்தான் நடந்தது. இந்த வேலைக்கு முழங்காலுக்குக் கீழே நிற்கும் பட்டடைதான் வாகு. கொம்பு எவருக்கும் தேவைப்படாததால் அது சுவரைப் பார்த்தபடியே கிடந்தது. சிறுவயதில் நாங்கள் அதில் தூக்குவாளி மாட்டுவோம்.

கொம்பு இருப்பதே இது ஊர்ப் பொருளன்று என்பதற்கு முதல் அடையாளம். நம் பக்கத்துப் பழைய பட்டடை சதுரமாகவோ சற்று நீள்சதுரமாகவோ உள்ள ஒரு கட்டை. அதற்குக் கொம்பும் கிடையாது, வாலும் கிடையாது. எங்களுடையதோ ஒரு முனையில் கூம்பாக நீண்ட கொம்பு, அதையடுத்து ஒரு படி தாழ்ந்த சிறு தட்டு, பிறகு நாற்பது சென்டிமீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் அகலமும் கொண்ட முகம், மறுமுனையில் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வால், அந்த வாலில் ஒரு சதுரத் துளையும் ஒரு வட்டத் துளையும் என்று அமைந்தது. இந்த அமைப்புக்கு லண்டன் மாதிரி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பட்டடை உற்பத்தியாளர்கள் இதைத்தான் உலகெங்கும் அனுப்பினார்கள்.

எழுத்து எதுவும் முதலில் தெரியவில்லை. ஆயுத பூசைதோறும் பட்டடையின் பக்கங்களில் சந்தனமும் குங்குமமும் பூசி வந்திருக்கிறார்கள். அதன்மேல் உலைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து, அடுத்த ஆண்டு அதன்மேல் மறுபடியும் சந்தனம் ஏறி, பலாப்பழத் தோல்போல ஓர் ஓடு உண்டாகியிருந்தது. பெரியப்பா மகன் கிரைண்டரைக் கொண்டுவந்து ஐந்து நிமிஷத்தில் பளபளவென்று ஆக்கித் தருவதாகச் சொன்னார். அதை மட்டும் செய்ய விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஓட்டுக்குக் கீழே இருந்த முத்திரைகள் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லாதவை. இத்தனை ஆண்டுகளாக அவற்றைத் துருவிலிருந்து காத்ததும் அந்தச் சந்தனப் பூச்சுதான்.

மண்ணெண்ணெய் நனைத்த துணியை இரண்டு நாள் சுற்றிவைத்து, கொட்டாங்கச்சிச் சில்லால் மெல்லச் சுரண்டி, பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். பிறகு கோலமாவை உள்ளங்கையில் எடுத்துப் பக்கவாட்டில் அழுத்தித் தடவி, மேலோடு கையால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மாவு தங்குகிறது. பகல் வெளிச்சத்தில் அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடித்தபோது, முதல் வரியின் முடிவில் ஐ, ஜி, எச், டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் எழுந்து நின்றன. அந்த நான்கில் முடியும் ஆங்கிலப் பெயர்கள் பல உண்டு என்பதால் அன்றிரவு எந்த முடிவுக்கும் வரவில்லை. மறுநாள் இரண்டாம் வரியில் பேட்டன்ட் என்ற சொல் தெரிந்தது. மூன்றாம் நாள் அதன் கீழே வட்டமாக அமைந்த சாலிட் ராட் என்ற இரு சொற்களும், அதற்கும் கீழே இங்கிலாந்து என்ற நாட்டுப் பெயரும் கிடைத்தன. முதல் வரி பீட்டர் ரைட். இடுப்பின் குறுக்கே, மூன்று இடைவெளிகளில், வீட்டார் தேதி என்று நம்பிய எண்கள் இருந்தன: 1, 1, 20.

எண்கள் தேதி அல்ல

பிரிட்டனில் செய்த பழைய பட்டடைகளில் இடுப்பில் வெட்டப்படும் மூன்று எண்களும் எடையைக் குறிப்பவை. முதல் எண் ஹண்ட்ரட்வெயிட்; பெயரில் நூறு இருந்தாலும் 112 பவுண்டு கொண்டது, யாழ்ப்பாணத்தார் அந்தர் என்று சொல்லிவந்த அளவு. இரண்டாவது எண் அதன் கால்பங்கு, அதாவது 28 பவுண்டு. ஆகவே அந்த இடத்தில் சுழி முதல் மூன்று வரையே வரமுடியும். மூன்றாவது மீதிப் பவுண்டு. அது 27ஐத் தாண்டாது. எங்கள் பட்டடைக்கு 112, 28, 20 மூன்றையும் கூட்டினால் 160 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 72.6 கிலோ.

இதைச் சரிபார்ப்பது எளிது. எந்தப் பழைய இரும்புக் கடையில் விற்கவிருந்தார்களோ அதே கடையின் மின்னணுத் தராசில் ஏற்றினோம்; 71.4 கிலோ காட்டியது. கடைக்காரர் விற்க வந்திருக்கிறோம் என்று நினைத்து விலையைக் கணக்குப் போடவே தொடங்கிவிட்டார். எங்கே போயிற்று மீதி 1.2 கிலோ என்று பார்த்தால், முகத்தின் நடுவில் நேர்க்கோலை வைத்தபோது மூன்று மில்லிமீட்டர் குழிவு இருந்தது. சுமார் முப்பது சென்டிமீட்டர் நீளத்துக்குச் சராசரி இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்ததாகக் கொண்டால் அதுவே 60 கன சென்டிமீட்டர், எடையில் அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மிச்சத்தை உடைந்த ஓரங்கள், மழுங்கிய கொம்பு நுனி, துரு ஆகியவற்றின் கணக்கில் எழுதலாம். வெட்டிய எடையே ஒரு பவுண்டு அப்படி இப்படி இருப்பதும் உண்டு. 1920 ஜனவரி முதல் தேதி என்ற கதை அந்தத் தராசிலேயே முடிந்தது.

அதைவிட முக்கியமானது, இந்த எடை முறையே பிறப்பிடத்தைச் சொல்கிறது. அமெரிக்காவில் புரூக்ளின் நகரத்து ஹே-பட்டன் போன்றோர் எடையை நேரே பவுண்டில் வெட்டினார்கள். ஜெர்மனி முதலிய நாடுகளின் பட்டடைகளில் கிலோ இருக்கும். அந்தர் கணக்கு பிரிட்டனுடையது. பெயர் படிக்க முடியாத அளவுக்கு முத்திரை தேய்ந்திருந்தாலும், பீட்டர் ரைட், ஷெஃபீல்டு நகரத்து மவுஸ் ஹோல் உலை போன்ற பிரிட்டிஷ் பெயர்களுக்குள் தேடலை அடக்கியிருக்கலாம். பீட்டர் ரைட் நிறுவனம் இங்கிலாந்தின் நடுநாட்டில் உள்ள டட்லியைச் சேர்ந்தது. சங்கிலி, நங்கூரம், ஆணி என்று இரும்பை அடித்தே பிழைத்த வட்டாரம் அது. முத்திரைக்கு அப்பால் இன்னொரு துணைச்சான்றும் உண்டு: அவர்களுடைய பட்டடைகளின் பாதங்களின் மேல் விளிம்பில் ஒரு சிறு தட்டையான திண்ணை விடப்பட்டிருக்கும். புளியங்கட்டையில் ஆணி அடித்தவர்கள் அந்தத் திண்ணையின் மேல்தான் ஆணித்தலையை மடித்திருந்தார்கள்.

உடம்பு ஒன்று, முகம் வேறு

கட்டையிலிருந்து கழற்றித் தலைகீழாகப் புரட்டியபோது அடிப்பக்கம் ஒரு புத்தகத்தைத் திறந்ததுபோல் இருந்தது. பூசைப் பூச்சு எட்டாத, மழைக்காலத்து ஈரம் மட்டும் எட்டிய அந்தப் பக்கத்தில் துரு இரும்பைச் சீராக அரிக்கவில்லை. நீளவாட்டில் வரிவரியாக அரித்து, பழைய பனஞ்சட்டத்தின் நரம்புபோல் எழுப்பிக் காட்டியிருந்தது. வார்ப்பு இரும்பு இப்படித் துருப்பிடிக்காது. தேனிரும்பு என்று சொல்லப்படும் அடித்துச் செய்த இரும்பில்தான் கசடு இழைகள் நீளவாட்டில் ஓடும்; அவற்றுக்கு இடைப்பட்ட இரும்பு முன்னதாகக் கரைவதால் நார் தெரியும்.

அடிப்பக்கத்தின் நடுவில் ஒரு சதுரக் குழி இருந்தது. கொம்புக்குக் கீழேயும் வாலுக்குக் கீழேயும் இடுப்பில் அதேபோன்ற குழிகள். யாரோ உளி வைத்துப் பார்த்த இடம் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் அவை பட்டடை பிறந்தபோதே உண்டானவை. வெள்ளையாகக் காய்ந்த அத்தனை பெரிய இரும்புத் திரளைக் குறட்டால் பிடிக்க முடியாது; குழிக்குள் ஓர் இரும்புத் தண்டைச் செருகி, அதைக் கொண்டுதான் உலையிலிருந்து எடுப்பதும் நீராவிச் சம்மட்டியின் கீழே புரட்டுவதும் நடந்தன. பழைய முறையில் நடுக்கட்டை ஒன்றைச் செய்து, கொம்பு, வால், பாதங்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக ஒட்டினார்கள். பாரம் தாங்காமல் கொம்பு கழன்று விழுந்த பட்டடைகள் பல. சாலிட் ராட் என்ற முத்திரை, எங்கள் உடம்பு அப்படி ஒட்டுப்போட்டதன்று, திரண்ட தேனிரும்பு என்ற விளம்பரம்.

ஆனால் தேனிரும்பு மென்மையானது. அதன்மேல் நேரே அடித்தால் பட்டடைதான் குழியும். ஆகவே முகத்தில் மட்டும் ஓர் எஃகுத் தகட்டை உலைச்சூட்டிலேயே பற்றவைத்துத் துவைச்சல் கொடுத்தார்கள், அதாவது காய்ச்சித் தண்ணீரில் குளிரவைத்துக் கடினமாக்கினார்கள். பக்கவாட்டில் கூர்ந்து பார்த்தால் மேலிருந்து ஒரு விரற்கடைக்குக் கீழே மயிரிழைபோல் ஒரு கோடு ஓடுகிறது. அதுதான் எஃகும் இரும்பும் சேர்ந்த இடம். இதைச் சோதிக்கச் சைக்கிள் கடையில் ஒரு பால்ரஸ் வாங்கி, அளவுகோலை நிறுத்திவைத்து, 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டுப் பார்த்தேன். முகத்தின் பெரும்பகுதியில் அது 19 சென்டிமீட்டர்வரை திரும்பி எழுந்தது. கொம்பையடுத்த தாழ்ந்த தட்டில் 8 சென்டிமீட்டர்தான். அங்கே எஃகு கிடையாது, உளியால் இரும்பை வெட்டும்போது உளிமுனை மழுங்காமல் இருப்பதற்காக அந்த இடத்தை மென்மையாகவே விட்டிருப்பார்கள். எங்களுடையதிலும் அங்கே குறுக்கும் நெடுக்குமாக உளித்தடங்கள்.

வால் பக்கத்து ஒரு மூலையில் மட்டும் குண்டு 14 சென்டிமீட்டரோடு நின்றுவிட்டது. காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு அந்த மூலை உடைந்ததென்று ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்துச் சாதாரணக் கம்பியால் நிரப்பியிருக்கிறார்கள். வெல்டிங் சூட்டில் சுற்றியிருந்த எஃகின் துவைச்சல் இறங்கிவிட்டது. மூலை பார்வைக்கு முழுசாக இருக்கிறது, வேலைக்கு ஆகாது. அதே சமயத்தில் முகத்தையும் மில்லிங் மெஷினில் கொடுத்து மட்டம் பார்த்துவிடலாம் என்று ஒரு யோசனை இருந்ததாம். அந்த ஒரு விரற்கடை எஃகில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் சீவினால், பிறகு மிஞ்சுவது களிமண்போல் மென்மையான தேனிரும்புதான். கூலி கட்டுபடியாகாததால் அது நடக்கவில்லை. சிக்கனம் சில நேரங்களில் தொல்பொருள் துறை செய்யும் வேலையைச் செய்கிறது.

எந்த ஆண்டுக்குப் பின், எந்த ஆண்டுக்கு முன்

செய்த ஆண்டு பட்டடையில் எங்கும் வெட்டப்படவில்லை. ஆகவே கீழெல்லை ஒன்றும் மேலெல்லை ஒன்றும் கண்டுபிடித்து, இடைவெளியை நெருக்குவதுதான் வழி. வாலில் உள்ள வட்டத் துளை, லாடத்தில் ஆணித்துளை இடும்போது துளையாணி இறங்குவதற்காக ஏற்பட்டது. அது இங்கிலாந்துப் பட்டடைகளில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் பரவியது. இருநூறு வருஷம் என்ற பேச்சு இங்கேயே தள்ளாடத் தொடங்குகிறது. அதை வீழ்த்துவது நாட்டுப் பெயர். பிரிட்டனில் 1887இலும் இந்தியாவில் 1889இலும் வணிகக் குறிச் சட்டங்கள் வந்தன; அமெரிக்காவின் மெக்கின்லி தீர்வைச் சட்டம் 1891 மார்ச் முதல் இறக்குமதிச் சரக்குகளில் செய்த நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று விதித்தது. ஏற்றுமதியை நம்பிப் பிழைத்த உற்பத்தியாளர்கள் அதையொட்டித்தான் இங்கிலாந்து என்ற சொல்லைத் தங்கள் அச்சில் சேர்த்தார்கள். அதற்கு முன்னரே ஒருவர் தம் விருப்பத்தில் நாட்டுப் பெயரை வெட்டியிருக்க முடியாதா என்றால் முடியும். எனவே இது சுவரன்று, வேலி. ஆனாலும் 1890ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கு முன்னால் இந்தப் பட்டடையைக் கொண்டுபோவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

மேலெல்லை காகிதத்தில் கிடைத்தது. கொள்ளுத்தாத்தா உயிரோடு இருக்கும்போதே தம் இரு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்த பாகப்பிரிவினைப் பத்திரம், வீட்டுப் பத்திரங்களோடு ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. நிலம், மனை, மாடு எல்லாம் முடிந்த பிறகு, மூத்தவர் பாகத்தில் வரும் சாமான்களாக இப்படி எழுதியிருக்கிறது: துருத்தி 1, சீமைப் பட்டடை 1, சம்மட்டி 2, குறடு 4. பட்டடை என்றால் கொல்லனின் களம் முழுவதையும் குறிக்கலாம் என்பதால் சொல்லைக் கண்டதும் குதிக்கக் கூடாது. ஆனால் துருத்திக்கும் சம்மட்டிக்கும் நடுவில், எண்ணிக்கையோடு, சீமை என்ற அடைமொழியோடு வருவது கருவியாகத்தான் இருக்க முடியும். சொல்லும் புதிதன்று, கூடா நட்பை அடிப்பதற்கு வாகான பட்டடையோடு ஒப்பிடும் குறளில் வருவது இதே சொல்தான். பத்திரத்தின் தேதி சுபானு வருஷம் தை மாதம். பிரபவ 1927 ஏப்ரலில் தொடங்கியதை வைத்து எண்ணினால் சுபானு பதினேழாவது. அது 1943 ஏப்ரலில் தொடங்கியது, அதன் தை 1944 ஜனவரி நடுவில் பிறந்தது. ஆகவே 1944 தொடக்கத்தில் சீமைப் பட்டடை எங்கள் வீட்டில் இருந்தது.

சார் என்று படித்த மூன்றெழுத்து

இந்தக் கட்டத்தில் ஆய்வு ஏறக்குறைய நின்றுபோனது. ஐம்பது ஆண்டு இடைவெளி, டட்லியில் பிறப்பு, அன்றைய தஞ்சை மாவட்டத்தில் வாழ்வு. நடுவில் என்ன நடந்தது என்பதற்கு எதுவும் இல்லை. கிடைத்தது தற்செயலாக. மறுபக்கப் பாதத்தின் சரிவில் கோலமாவைத் தடவியபோது எஸ், ஐ, ஆர் என்று மூன்று எழுத்துகள் தெரிந்தன. செய்தவரின் முத்திரை போலச் சீராக இல்லை. எழுத்துக்கு எழுத்து தனித்தனி அச்சு உளியால் அடித்தது, நடு எழுத்து சற்றுச் சாய்ந்திருந்தது. பெரியப்பா மகன் சேர்த்துப் படித்துவிட்டு, “வெள்ளைக்காரன் பட்டடைக்கே சார் போட்டிருக்கான்” என்றார். இரண்டு நாள் நானும் அந்த நகைச்சுவையைத் தாண்டிப் போகவில்லை.

அது சவுத் இந்தியன் ரயில்வே, அதாவது தென்னிந்திய ரயில்வே. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா, கர்நாட்டிக் என்ற இரு கம்பெனிகள் 1874இல் இணைந்து உண்டான அந்த நிறுவனம் 1951 ஏப்ரல் 14இல் தெற்கு ரயில்வேயில் கலந்தது. திருச்சிக்கு மாறுவதற்கு முன்பு அதன் தலைமையிடமே நாகப்பட்டினம்தான். அங்கேதான் அதன் பெரிய பணிமனையும் இருந்தது. அந்தப் பணிமனை பொன்மலைக்கு மாறியது 1928இல். ரயில்வே பணிமனை என்றால் எஞ்சினும் பெட்டியும் மட்டும் அல்ல. அங்கே கொல்லுப்பட்டறை ஒரு தனிப் பிரிவு. லண்டனில் பதிவுசெய்த கம்பெனி, இங்கிலாந்தில் சரக்கு வாங்கி, தன் உடைமைக்குத் தன் எழுத்தை அடித்துவைப்பதில் வியப்பு எதுவும் இல்லை.

கப்பல் கதை எந்த இடத்தில் தவறியது என்பது இப்போது விளங்கியது. ஊர் சரி, பொருள் சீமையிலிருந்து வந்ததும் சரி. டட்லியிலிருந்து இங்கே கப்பலில் வராமல் வேறு எப்படி வந்திருக்கும்? நாகப்பட்டினம் என்றால் துறைமுகம், சீமைச் சரக்கு என்றால் கப்பல் என்று கேட்டவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். நடுவில் ரயில்வே கழன்று விழுந்துவிட்டது.

தேய்மானமும் இதற்கு ஒத்துப்போகிறது. முகத்தில் இரண்டு வகைத் தேய்வு இருக்கிறது. நடுவில் நீளமாக, ஆழம் குறைவாக, இரு ஓரத்தையும் சமமாகத் தொட்டு நிற்கும் குழிவு ஒன்று. நின்றுகொண்டு, கனத்த இரும்பைப் பல பேர் மாறி மாறி அடித்தால் வருவது அப்படி இருக்கும். அதன்மேல் பிந்தி ஏறியதாக, ஒரு பக்க ஓரத்தில் மட்டும், உட்கார்ந்தவரின் வலக்கைக்கு எட்டும் தூரத்தில், ஒரு சாண் அகலத்துக்குக் கூர்மையான தேய்வு. அந்த இடத்தில் ஓர் அரிவாளை வைத்தால் அதன் வளைவு அப்படியே உட்காருகிறது. இதை நான் உறுதியான சான்றாகச் சொல்லவில்லை; தேய்வைப் பார்த்துக் கதை சொல்வது கைரேகை பார்ப்பதற்குப் பக்கத்து வீடு. ஆனால் கொம்பின் மேற்புறமும் நன்றாக வழவழத்துத் தேய்ந்திருக்கிறது. எங்கள் வீட்டில் தூக்குவாளி மாட்டியதைத் தவிர அதற்கு வேறு வேலை இருந்ததில்லை. தூக்குவாளிக் கம்பி அவ்வளவு தேய்க்காது.

அத்தையின் சாட்சியம்

குடும்பத்தில் மூத்தவரான அத்தையிடம் கடைசியில்தான் போனேன். எழுத்தைப் பற்றியோ ரயில்வேயைப் பற்றியோ முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. வயதானவர்களிடம் விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால் அந்த விடையே திரும்பி வரும். கப்பலில் வந்ததா என்று மட்டும் கேட்டேன். “கப்பலும் இல்ல கிப்பலும் இல்ல தம்பி. நாகப்பட்டணத்துல ஏலத்துல எடுத்தது. வண்டியில வர்றப்ப எங்க அப்பா அது மேலதான் உக்காந்து வந்தாராம், சின்னப் புள்ளையா. சூடு தாங்கலன்னு சாக்கு போட்டு உக்காந்தேன்னு சொல்லுவாரு.”

அவருடைய அப்பா என் தாத்தா, 1916இல் பிறந்தவர். வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போகும் அளவுக்கு வளர்ந்தும், பட்டறையில் சம்மட்டி பிடிக்கும் வயது வராமலும் இருந்த சிறுவன் என்றால் எட்டு வயதிலிருந்து பதினான்குவரை வைக்கலாம். அப்படியானால் 1924க்கும் 1930க்கும் இடையில். பணிமனை மாறிய 1928 இதற்குள் விழுகிறது. ஊர் மாறும் பணிமனை தனக்கு வேண்டாத சாமான்களைக் கண்டம், அதாவது இனி உதவாதவை, என்று ஒதுக்கி ஏலம் விடுவதும், சுற்றுவட்டாரக் கொல்லர்கள் அதில் எடுப்பதும் இயல்பு என்பதால், பட்டடை அந்த ஏலம் ஒன்றில் வந்தது என்பதே என் முடிவு. ஏலச் சீட்டு கையில் இல்லாதவரை இதை ஊகம் என்றே எழுதிவைத்திருக்கிறேன். டட்லி, தென்னிந்திய ரயில்வே, 1944க்கு முன் ஆகிய மூன்றும் ஊகம் அல்ல; 1890க்குப் பின் என்பது முன்பு சொன்ன வேலி.

மீதி இருந்தது ஒரு கீறல். எஸ், ஐ, ஆர் என்ற மூன்று எழுத்துகளின் குறுக்கே, இடமிருந்து வலமாக, உளியால் வெட்டிய ஒரு கோடு போகிறது. பொருள் கம்பெனி கணக்கிலிருந்து நீங்கிவிட்டது என்று காட்ட ஏலத்துக்கு முன் அங்கேயே அடித்திருக்கலாம். அல்லது ரயில்வே முத்திரை போட்ட சாமான் வீட்டில் இருந்தால் நாளைக்கு யாராவது திருட்டு என்று சொல்வார்களோ என்று அஞ்சிக் கொள்ளுத்தாத்தாவே வெட்டியிருக்கலாம். இரண்டாவது வாய்ப்பு எனக்குச் சற்று உறுத்தலாகவே இருந்தது. அப்படி அஞ்ச வேண்டிய விதத்தில்தான் பட்டடை வந்ததா என்ற கேள்வி அதற்குப் பின்னால் நிற்கிறது.

எழுத்தின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படியை அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எழுத்துகளை விட்டுவிட்டுக் கோட்டின் மேல் விரலை வைத்து, அது இரண்டு இடங்களில் நெளிந்து கீழே இறங்குவதை மெல்லத் தொடர்ந்துபோனார். பிறகு காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“இது எங்க தாத்தா வெட்டுனது இல்ல. அவரு உளி புடிச்சா நூல் புடிச்ச மாதிரி இருக்கும்.”